தண்டனை முடிந்தவரின் விடுதலையும் மக்களின் கோபமும்

குற்றமொன்றுக்கான தண்டனை எப்போது முடிவடைகின்றது என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதிலையும் மக்கள் மனம் வேறொரு பதிலையும் கொண்டிருக்கின்றன. சட்டத்தைப் பொறுத்தவரை அது தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டுவிட்ட ஒரு திகதியாகும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கோ அப்படியொரு திகதி ஒருபோதும் வருவதில்லை. நாடே அறிந்த கொடிய குற்றமொன்றில் தண்டனை பெற்றவர் தனது காலத்தை முடித்து வெளியேறும் நாளில் இவ்விரு பதில்களும் நேருக்கு நேர் மோதிக் கொள்கின்றன. 2015 டிசெம்பர் 20ஆம் திகதி புதுடில்லியில் நிகழ்ந்தது இவ்வாறான ஒரு மோதலே. ஏறத்தாழ ஒரு தசாப்தம் கடந்துள்ள நிலையிலும் அந்நாள் எழுப்பிய கேள்விகள் பழையனவாகிவிடவில்லை. அவை இந்தியாவுக்கு மட்டும் உரியனவும் அல்ல.

2012 டிசெம்பர் 16ஆம் திகதி இரவு டில்லியில் ஓடும் பஸ் ஒன்றினுள் 23 வயதான பிசியோதெரபி மாணவி ஒருவர் கூட்டுப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டுக் கொடூரமாகத் தாக்கப்பட்டார். அதே மாதம் 29ஆம் திகதி சிங்கப்பூர் வைத்தியசாலையொன்றில் அவரது உயிர் பிரிந்தது. இச்சம்பவம் தொடர்பில் அறுவர் கைது செய்யப்பட்டனர். ஒருவர் வழக்கு முடியும் முன்னரே 2013 மார்ச்சில் திகார் சிறைச்சாலையில் இறந்து போனார். நால்வருக்கு 2013 செப்டெம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2020 மார்ச் 20ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. ஆறாமவர் சம்பவ தினத்தில் 18 வயதை எட்டுவதற்குச் சில மாதங்கள் குறைந்தவராக இருந்தார். பாடசாலைப் பதிவேட்டின் அடிப்படையில் அவரது வயது ஏற்றுக் கொள்ளப்பட்டது. 2013 ஓகஸ்ட் 31ஆம் திகதி சிறார் நீதிச் சபை அவரைக் குற்றவாளியாகக் கண்டு, விசேட இல்லமொன்றில் மூன்று ஆண்டுகள் தங்கவைக்குமாறு உத்தரவிட்டது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் அனுமதித்த அதிகூடிய காலம் அதுவேயாகும். கைதான நாளிலிருந்து கழிந்த காலமும் அதில் சேர்க்கப்பட்டதால், 2015 டிசெம்பர் 20ஆம் திகதி அவரது காலம் முடிவுற்றது.

அந்தத் திகதி நெருங்க நெருங்க எதிர்ப்பு வலுத்தது. ஒரே குற்றத்தில் ஈடுபட்ட நால்வர் தூக்குமேடையை எதிர்நோக்கியிருக்கையில், சில மாத வயது வித்தியாசத்தினால் இன்னொருவர் மூன்றே ஆண்டுகளில் வீதிக்கு வருவதா என்று மக்கள் கேட்டனர். விடுதலையின் பின்னர் அவர் தையல் கடையொன்றை ஆரம்பிப்பதற்காக 10,000 ரூபாவும் தையல் இயந்திரமும் வழங்கப்படும் என்ற டில்லி மாநில அரசின் திட்டம் வெளியானபோது, அது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. மகளை இழந்த பெற்றோர் வீதியில் இறங்கினர். குற்றம் வென்று தாங்கள் தோற்றுவிட்டதாக அத்தாய் கூறியதைக் கேட்டவர்களின் நெஞ்சம் கலங்காதிருந்திருக்க முடியாது.

விடுதலையைத் தடுப்பதற்கான முயற்சி நீதிமன்றங்களையும் எட்டியது. டில்லி மேல் நீதிமன்றத்தில் அரசியல்வாதியான சுப்பிரமணியன் சுவாமி மனுவொன்றைத் தாக்கல் செய்தார். விடுதலைக்குப் பிந்திய புனர்வாழ்வுத் திட்டம் முழுமை பெறும் வரை அவரைத் தொடர்ந்து தங்கவைக்க வேண்டுமென மத்திய அரசும் வாதிட்டது. டிசெம்பர் 18ஆம் திகதி அம்மன்று விடுதலையைத் தடுக்க மறுத்தது. சட்டம் குறித்த காலம் முடிவடையும் நிலையில் மேலும் தடுத்துவைக்க உத்தரவிட முடியாது எனக் கூறிய நீதிபதிகள், அவரது புனர்வாழ்வு குறித்து அவருடனும் பெற்றோருடனும் அதிகாரிகளுடனும் கலந்து பேசுமாறு சிறார் நீதிச் சபையைப் பணித்தனர். டில்லி மகளிர் ஆணைக்குழு 19ஆம் திகதி நள்ளிரவில் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 21ஆம் திகதி மனு தள்ளுபடி செய்யப்பட்டது. மனுதாரரின் கவலையைத் தாமும் பகிர்ந்து கொள்வதாகக் கூறிய நீதிபதிகள், தடுத்துவைப்பதாயின் அதற்குச் சட்டத்தின் அனுமதி வேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டினர்.

இவ்வேளையில் வேறொரு காற்றும் வீசியது. விசேட இல்லத்தில் இருந்த காலத்தில் அந்த இளைஞர் தீவிரவாதச் சிந்தனைக்கு ஆட்பட்டுவிட்டார் எனப் புலனாய்வுத்துறை அறிக்கையொன்று கூறுவதாகச் செய்திகள் வெளிவந்தன. மேல் நீதிமன்ற மனுவிலும் அது எடுத்தாளப்பட்டது. அவர் முஸ்லிம் என்பதால், சமூக வலைத்தளங்களில் குற்றத்தைப் பற்றிய பேச்சு மெல்ல மெல்ல மதத்தைப் பற்றிய பேச்சாகத் திரிந்தது. ஏனைய குற்றவாளிகளின் மதத்தைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பவில்லை என்பது இவ்விடத்தில் கவனத்திற் கொள்ளப்பட வேண்டியதாகும். நியாயமான கோபம் ஒன்று எவ்வளவு எளிதாக வேறு நோக்கங்களுக்கு வாகனமாகிவிடுகின்றது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

மக்களின் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது அறிவுடைமையாகாது. அக்கோபத்தின் அடியில் மூன்று வெவ்வேறு முறைப்பாடுகள் இருந்தன. விதிக்கப்பட்ட தண்டனை குற்றத்துக்குப் போதாது என்பது முதலாவது. அவர் திருந்தவில்லை, எனவே ஆபத்தானவர் என்பது இரண்டாவது. ஆகவே அவர் வெளியேறக் கூடாது என்பது மூன்றாவது. முதலாவது முறைப்பாட்டுக்குப் பதில் கூற வேண்டியது சட்டவாக்க சபை. இரண்டாவதற்குப் பதில் கூற வேண்டியது அவரை மூன்று ஆண்டுகள் தன் பொறுப்பில் வைத்திருந்த அரசு. மூன்றாவதோ, முதலிரு கேள்விகளுக்கும் பொறுப்பானவர்கள் செய்யத் தவறியதை ஒரு நீதிமன்றம் ஒரே இரவில் ஈடுசெய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பாகும். அதை எந்தச் சுதந்திரமான நீதிமன்றமும் நிறைவேற்ற முடியாது.

முதலாவதை எடுத்துக் கொள்வோம். இந்தியாவின் 1986ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கான வயதெல்லை 16 ஆகவும் பெண் பிள்ளைகளுக்கு 18 ஆகவும் இருந்தது. சிறுவர் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 1992இல் இந்தியா இணைந்து கொண்டதை அடுத்து, 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலாருக்கும் 18 என வரையறுத்தது. டில்லிச் சம்பவத்தையடுத்து முன்னாள் பிரதம நீதியரசர் ஜே.எஸ்.வர்மா தலைமையில் அமைக்கப்பட்ட குழுவுக்கு ஏறத்தாழ 80,000 ஆலோசனைகள் வந்து குவிந்தன. அத்தனை கொதிப்புக்கு மத்தியிலும் 2013 ஜனவரியில் அறிக்கை சமர்ப்பித்த அக்குழு, வயதெல்லையைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 2013 ஜூலையிலும் 2014 மார்ச்சிலும் அதே எல்லையை உறுதி செய்தது. இந்தியாவில் பதிவாகும் மொத்தக் குற்றங்களில் சிறார்கள் சம்பந்தப்பட்டவை அக்காலத்தில் சுமார் 1.2 வீதமாகவே இருந்தன.

எனினும் விடுதலை நிகழ்ந்து இரு தினங்களில் நிலைமை மாறியது. 2015 மே மாதத்தில் மக்களவை நிறைவேற்றியிருந்த புதிய சிறார் நீதிச் சட்டமூலம் மாநிலங்களவையில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. டிசெம்பர் 22ஆம் திகதி அது ஒரே நாளில் விவாதிக்கப்பட்டு நிறைவேறியது. அந்தப் பெற்றோர் பார்வையாளர் கலரியில் அமர்ந்திருந்தனர். தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டுமெனக் கோரிய மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். 16க்கும் 18க்கும் இடைப்பட்ட வயதினர் ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை கொண்ட கொடிய குற்றம் புரியுமிடத்து, பூர்வாங்க மதிப்பீட்டின் பின்னர் அவர்களை வயது வந்தோராகக் கருதி விசாரிக்க அச்சட்டம் வழிவகுத்தது. 2016 ஜனவரி 15ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் சரியா பிழையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த ஏற்பாட்டை ஆராய்ந்த பாராளுமன்ற நிலைக்குழுவே 2015 பெப்ரவரியில் அதனை ஆட்சேபித்திருந்தது. ஆனால் ஒன்றில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. எவரை மனதிற் கொண்டு அச்சட்டம் அவசரமாக நிறைவேற்றப்பட்டதோ, அவரை அது தீண்டவே முடியாது. குற்றம் புரிந்த வேளையில் நடைமுறையிலிருந்த சட்டம் விதித்ததைவிடக் கூடிய தண்டனையை எவருக்கும் வழங்கலாகாது என்பது இந்திய அரசியலமைப்பின் 20(1) உறுப்புரையாகும். எமது நாட்டு அரசியலமைப்பின் 13(6) உறுப்புரையும் இதையே கூறுகின்றது. இது குற்றவாளிகளுக்காக இயற்றப்பட்ட சலுகையென எண்ணுவோர் உளர். ஆனால் இன்று செய்த செயலுக்கு நாளை சட்டம் இயற்றித் தண்டிக்கும் அதிகாரம் ஆட்சியாளரின் கையில் இருக்குமாயின், அதற்கு முதலில் இரையாவோர் குற்றவாளிகளாக இருக்கப் போவதில்லை. ஆட்சியாளருக்குப் பிடிக்காதவர்களாகவே அவர்கள் இருப்பர்.

இரண்டாவது முறைப்பாடே ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆனால் பொது விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் அதுவே. விசேட இல்லத்தில் ஓர் இளைஞர் கழித்த மூன்று ஆண்டுகளில் அவருக்கு எத்தகைய உளவளத்துணை வழங்கப்பட்டது? அவரது மனநிலையை யார், எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிட்டனர்? வெளியேறிய பின்னர் அவரைக் கண்காணிக்கும் பொறுப்பு யாருடையது? இக்கேள்விகள் விடுதலைக்கு ஒரு வாரம் முன்னர்தான் நீதிமன்றத்தில் சூடு பிடித்தன. திட்டம் முழுமையாக இல்லை என்று மத்திய அரசே நீதிமன்றத்தில் கூறியது என்றால், அக்குறைபாட்டுக்கு அரச இயந்திரமன்றி வேறு யார் பொறுப்பு? தனது கடமையைச் செய்யாத ஓர் அரசு, அந்தத் தவறையே காரணமாகக் காட்டி ஒருவரை மேலும் அடைத்து வைக்கக் கோருவது நியாயமாகாது. மக்கள் கோபம் கொண்டிருக்க வேண்டியது தையல் இயந்திரத்தின் மீதல்ல. ஒருவரைச் சீர்திருத்தி அனுப்புவதாகச் சட்டம் அளித்த வாக்குறுதி ஒரு தையல் இயந்திரமாகச் சுருங்கிப் போனதன் மீதே அக்கோபம் திரும்பியிருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பிந்திய கண்காணிப்பு என்பது கற்பனையான யோசனையன்று. பிரித்தானியா இதே கேள்வியை இந்தியாவுக்கு முன்னரே எதிர்கொண்டது. 1993 பெப்ரவரியில் லிவர்பூல் அருகே பூட்டில் என்ற இடத்தில் ஜேம்ஸ் பல்ஜர் என்ற இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதுச் சிறுவர் இருவர் கடத்திக் கொன்றனர். அவர்கள் ஆகக் குறைந்தது எட்டு ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட வேண்டுமென விசாரணை நீதிபதி கூறினார். பிரதம நீதியரசர் அதனைப் பத்தாக்கினார். பத்திரிகைகள் மக்களின் கையொப்பங்களைத் திரட்ட, உள்துறைச் செயலாளர் மைக்கல் ஹோவர்ட் பதினைந்தாக உயர்த்தினார். அந்த முடிவை 1997இல் பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் இரத்துச் செய்தனர். தண்டனைக் காலத்தை நிர்ணயிக்கும் போது பொதுமக்களின் கூக்குரலுக்குச் செவிசாய்ப்பது நீதியாகாது என்பதே அதன் சாரம். 2001இல் இருவரும் புதிய பெயர்களுடன் விடுவிக்கப்பட்டனர்.

அதன் பின்னர் நடந்தவை இரு தரப்பினருக்கும் பாடமாகும். இருவரில் ஒருவர் மீண்டும் குற்றம் புரிந்ததாகச் செய்தி எதுவும் இல்லை. மற்றவரான ஜோன் வெனபிள்ஸ் சிறுவர் துஷ்பிரயோகப் படங்களை வைத்திருந்த குற்றத்துக்காக 2010இலும் மீண்டும் 2018இலும் தண்டிக்கப்பட்டார். ‘விடுதலை செய்தது தவறு’ என்போருக்கு இது ஒரு சான்றாகத் தோன்றலாம். ஆனால் அவரை மீண்டும் சிறைக்கு அழைத்து வர முடிந்ததற்குக் காரணம், வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் நிபந்தனைகளுடன் மட்டுமே அவர் விடுவிக்கப்பட்டிருந்தமையாகும். அந்நிபந்தனைகள் அவரது தண்டனையின் ஒரு பகுதியாக ஆரம்பத்திலிருந்தே இருந்தன. விடுதலை நாளன்று ஆர்ப்பாட்டத்துக்கு அஞ்சி எழுதப்பட்டவையல்ல. ஒருவர் திருந்துவார் என்றோ திருந்தமாட்டார் என்றோ எவரும் உறுதி கூற முடியாது. அந்த நிச்சயமின்மையை எதிர்கொள்ள முன்கூட்டியே சட்டத்தில் இடம் வைப்பதுதான் ஒரு சமூகம் செய்யக்கூடியது.

இங்கு எமது நாட்டு வாசகர்கள் ஒரு வேறுபாட்டை மனதிற் கொள்வது அவசியமாகும். தண்டனை முடிந்து வெளியேறுவதும், தண்டனை முடியும் முன்னர் மன்னிப்புப் பெற்று வெளியேறுவதும் ஒன்றல்ல. 2000 டிசெம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுச் சிறுவன் உட்பட எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்க, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பின் பேரில் விடுதலையானார். உயர் நீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்து ஓராண்டு கூட நிறைவடைந்திருக்கவில்லை. றோயல் பார்க் கொலை வழக்கின் குற்றவாளிக்கு 2019 நவம்பரில் வழங்கப்பட்ட மன்னிப்பை 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் வலிதற்றதாக்கியது. இவ்வாறான விடுதலைகளுக்கு எதிராக எழும் குரல், நீதிமன்றத் தீர்ப்பு மதிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் குரலாகும். தண்டனையை முடித்தவரை வெளியே விடாதே என்று கேட்கும் குரலோ, தீர்ப்பைத் தாண்டிச் செல்லுமாறு கேட்கின்றது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே கோபமாகத் தெரிந்தாலும், முன்னையது சட்டத்தைக் காப்பது. பின்னையது சட்டத்தைக் கைவிடச் சொல்வது.

சட்டம் கைவிடப்படும் போது என்ன நேரும் என்பதை இந்நாட்டின் தமிழ், முஸ்லிம் மக்களுக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றப்பத்திரிகையின்றி ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்ட இளைஞர்களின் தாய்மார் எமது ஊர்களில் வாழ்கின்றனர். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர் அதே கதி பல முஸ்லிம் குடும்பங்களுக்கும் நேர்ந்தது. தீவிரவாதச் சிந்தனையிலிருந்து மீட்பதாகக் கூறி, வழக்கு விசாரணையின்றியே ஒருவரைப் புனர்வாழ்வு நிலையத்தில் இரண்டு ஆண்டுகள் வரை வைத்திருக்க வழிசெய்த ஒழுங்குவிதிகள் 2021 மார்ச்சில் வெளியிடப்பட்டன. அவற்றின் செயற்பாட்டை அதே ஆண்டு ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. ‘இன்னும் திருந்தவில்லை, ஆகவே இன்னும் சில காலம் இருக்கட்டும்’ என்ற டில்லி வாதமும் இவ்விதிகளின் அடிப்படையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவையே. தீர்ப்பின்றி எவரையும் அடைத்து வைக்கலாகாது என்று எமக்காகக் கேட்கும் நாம், தீர்ப்பு முடிந்த பின்னர் ஒருவரை அடைத்து வைக்கலாம் என்று வேறொருவர் விடயத்தில் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

வயது தொடர்பிலும் எமக்கென ஒரு கசப்பான நினைவு உண்டு. டில்லி மாணவி உயிர்நீத்துப் பதினொரு நாட்களே கடந்த நிலையில், 2013 ஜனவரி 9ஆம் திகதி மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் சவூதி அரேபியாவில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவரது பராமரிப்பிலிருந்த நான்கு மாதக் குழந்தை 2005இல் உயிரிழந்த போது, பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு வயது 17. வெளிநாடு செல்வதற்காகக் கடவுச்சீட்டில் வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. சட்டத்தரணியின் உதவியோ தகுந்த மொழிபெயர்ப்போ இன்றிப் பெறப்பட்ட வாக்குமூலமே அவருக்கு எதிராக நின்றது. டில்லிக் குற்றத்தின் கொடூரத்தையும் ஓர் ஏழைப் பணிப்பெண்ணின் துயரத்தையும் நாம் ஒரே தட்டில் வைக்க முற்படவில்லை. ஆனால் அன்று தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருமித்து எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, அவர் சம்பவ வேளையில் ஒரு பிள்ளை என்பதாகும். மூதூரின் பிறப்புச் சான்றிதழுக்கு மதிப்பளிக்குமாறு கேட்ட நாம், டில்லியின் பாடசாலைப் பதிவேட்டை வெறும் காகிதம் என்று தள்ளிவிட இயலாது. நாம் இரக்கப்படுவோருக்கு ஒரு சட்டமும் வெறுப்போருக்கு இன்னொரு சட்டமும் இருக்குமாயின், அதற்குச் சட்டம் என்ற பெயர் பொருந்தாது.

இவ்வளவு கூறிய பின்னரும், மகளை இழந்த அந்தத் தாயின் கேள்வி அப்படியே எஞ்சி நிற்கின்றது. சட்டத்தின் தர்க்கம் எதுவும் அவருக்கு ஆறுதல் தரப் போவதில்லை. அவரிடம் பொறுமையை எதிர்பார்க்கும் உரிமையும் எவருக்கும் இல்லை. ஆயினும் அவரது வேதனையைச் சுமந்து வீதிக்கு வரும் சமூகத்திடம் பொறுப்பை எதிர்பார்க்கும் உரிமை அனைவருக்கும் உண்டு. விடுதலை நாளன்று திரண்டு மறுவாரம் கலைந்து போகும் கூட்டத்தினால் அடுத்த பெண்ணுக்குப் பாதுகாப்புக் கிடைக்காது. இரவில் பஸ்ஸில் செல்லும் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு உண்டு? முறைப்பாட்டைப் பொலிஸார் எவ்வாறு ஏற்கின்றனர்? வழக்குகள் எத்தனை ஆண்டுகள் இழுபடுகின்றன? சீர்திருத்த இல்லங்களின் உள்ளே உண்மையில் என்ன நடக்கின்றது? விடுதலையாவோரைக் கண்காணிக்கச் சட்டத்தில் என்ன ஏற்பாடு உண்டு? இவற்றை ஆண்டு முழுவதும் கேட்கும் சமூகத்தில்தான் விடுதலை நாளின் அச்சமும் குறையும்.

தண்டனை முடிந்த ஒருவரை எவரும் நேசிக்க வேண்டும் என்றோ, அவர் செய்ததை மறக்க வேண்டும் என்றோ சட்டம் கேட்கவில்லை. தீர்ப்பில் கூறப்பட்டது நிறைவேறியதும் கதவு திறக்கப்பட வேண்டும் என்று மட்டுமே அது கேட்கின்றது. அந்தக் கதவு ஒரு கொடியவனுக்குத் திறக்கப்படுவதைக் காண்பது கடினமானதே. ஆனால் கூட்டத்தின் கூக்குரலுக்கு அஞ்சி அது ஒருமுறை மூடப்படுமானால், பின்னர் குற்றமற்ற ஒருவருக்காக நாம் அதைத் தட்டும் போதும் அது திறக்காது.